மகளுக்கு அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம்: பிசினஸா, ஃபைனான்ஸா, உயிரியலா?

கேள்வி: "என் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிசினஸ், ஃபைனான்ஸ், உயிரியல் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பாடத்துக்குள் பைபிள் வருமா? பரிணாமத்தை ஒழுங்காகச் சொல்லித்தருவார்களா? பட்டத்துக்கு வெளியே மதிப்பு உண்டா?"

முதலில் மகளுக்கு வாழ்த்துகள். இத்தகைய பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை மாணவர்களுக்குப் பாடத்தேர்வு ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை பல்கலைக்கழகத்தின் விளம்பரக் கையேட்டில் இருக்காது. அதன் கேட்டலாக்கில் இருக்கும். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம், எதற்கு எது முன்பாடம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) என்று எழுதிவைத்திருக்கும் தடித்த ஆவணம் அது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. சேருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உள்ள வருத்தம்.

'கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் மட்டும் ஒன்றையும் சொல்லாது. வாஷிங்டனில் 1789இல் தொடங்கப்பட்ட, இயேசு சபை மரபிலுள்ள ஜார்ஜ்டவுனும், இண்டியானாவில் 1842இல் தொடங்கப்பட்ட நாட்ர டேமும் கத்தோலிக்க நிறுவனங்கள். டெக்சாஸ் வேக்கோ நகரிலுள்ள பேய்லர் 1845இல் பாப்டிஸ்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் தொடங்கியது. மிச்சிகனின் கால்வின் சீர்திருத்தச் சபை மரபில் வந்தது. சிகாகோ அருகிலுள்ள வீட்டன் எவாஞ்சலிக்கல் (வேதாகமத்துக்கும் தனிமனித விசுவாசத்துக்கும் முதலிடம் தரும் புராட்டஸ்டன்ட் மரபு) கல்லூரி. ஒஹாயோவின் சீடர்வில், விர்ஜினியாவின் லிபர்ட்டி இரண்டும் அதைவிடப் பழமைவாதப் பக்கம் நிற்பவை. நாட்ர டேமில் சேர மாணவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. வீட்டனிலோ மாணவரும் கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நடத்தை உடன்படிக்கை ஒன்றிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டும் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களே. உங்கள் மகளின் நான்கு ஆண்டு வாழ்க்கை இரண்டிலும் ஒன்றுபோல இருக்காது. ஆகவே அவளுக்கு இடம் கொடுத்த நிறுவனம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் இணையதளத்தில், நிறுவனம் எதை நம்புகிறது என்று சொல்லும் 'விசுவாச அறிக்கை' இருக்கும். அதில் யார் கையெழுத்திட வேண்டும், ஆசிரியர்கள் மட்டுமா, மாணவர்களுமா என்று பாருங்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள். உயிரியல் பகுதியில் அந்த அறிக்கை மறுபடி வரும்.

பட்டத்தின் மதிப்பைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது அங்கீகாரம். அமெரிக்காவில் அரசு நேரடியாகப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிப்பதில்லை. தனி அமைப்புகள் அதைச் செய்கின்றன, அந்த அமைப்புகளைக் கல்வித்துறை ஏற்றுக்கொள்கிறது. மாநில வாரியாகப் பிரிந்திருந்த பழைய வட்டார அமைப்புகளின் அங்கீகாரம் இருந்தால் கவலை வேண்டாம். கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கென்றே 'டிராக்ஸ்' என்றொரு தேசிய அமைப்பும் இருக்கிறது. அதையும் கல்வித்துறை ஏற்றுக்கொண்டுள்ளது. 2020 முதல் சட்டப்படி வட்டாரம், தேசியம் என்ற வேறுபாடு எடுபட்டுவிட்டது. இருந்தாலும் கிரெடிட்டை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றும்போதோ மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதோ பழைய வட்டார அங்கீகாரம் உள்ள இடத்திலிருந்து வருபவருக்கு வேலை எளிதாக முடிகிறது. பிசினஸ், ஃபைனான்ஸ் துறைகளுக்கு இதற்கு மேலே துறை அங்கீகாரம் ஒன்று உண்டு. 1916இல் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி. அவற்றில் மிகக் கடினமானது. பேய்லர், நாட்ர டேம் இரண்டின் பிசினஸ் பள்ளிகளும் அதைப் பெற்றவை. சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் ஏ.சி.பி.எஸ்.பி. அல்லது ஐ.ஏ.சி.பி.இ. வைத்திருக்கும். அவையும் தவறானவை இல்லை. அந்த அமைப்புகள் ஆசிரியரின் ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலையே அதிகம் பார்க்கின்றன. பொது உயிரியல் இளநிலைப் படிப்புக்கு இப்படிப் பரவலான துறை அங்கீகாரம் கிடையாது. எனவே உயிரியல் துறையை வேறு வழியில்தான் எடைபோட வேண்டும்.

இப்போது பைபிள் கேள்வி. அமெரிக்க இளநிலைப் பட்டம் என்பது வழக்கமாக 120 கிரெடிட். செமஸ்டருக்குச் சுமார் 15 வீதம் நான்கு ஆண்டுகள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுக்கல்வி: எழுத்துப் பயிற்சி, வரலாறு, கணிதம், அறிவியல், கலை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பொதுக்கல்விப் பங்குக்குள் இறையியல் பாடங்களை வைக்கின்றன. பேய்லரில் வேதாகமம் பற்றி ஒன்று, கிறிஸ்தவ மரபு பற்றி ஒன்று என இரண்டு பாடங்கள், அவற்றோடு இரண்டு செமஸ்டர் சேப்பல் (வளாக வழிபாட்டுக் கூட்டம்). நாட்ர டேமில் இறையியலில் இரண்டு பாடங்கள். சீடர்வில்லில் எந்தத் துறை எடுத்தாலும் 15 கிரெடிட் பைபிள் மைனர் (துணைப்பாடம்) சேர்ந்தே வரும். வாரநாட்களில் தினமும் சேப்பல்.

பெற்றோர் பலர் இதைக் கூடுதல் செலவு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, 120க்குள்தான் வருகிறது. அது எடுத்துக்கொள்வது விருப்பப் பாடங்களுக்கான இடத்தை. பிசினஸ் மாணவருக்கு அந்த இடம் தாராளமாக இருப்பதால் உறைக்காது. உயிரியல் மாணவருக்கு ஆய்வக வகுப்புகளே அட்டவணையை நிறைத்துவிடும். அவருக்கு 15 கிரெடிட் பைபிள் என்பது ஒரு வெளிநாட்டு செமஸ்டரோ, புள்ளியியல் மைனரோ கைநழுவுவதற்குச் சமம். இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இறையியல் பாடங்களைச் சுமையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் சொல்வேன். நல்ல ஆசிரியர் கிடைத்தால், ஒரு பழைய நூலை வரி வரியாகப் படித்து, எழுதியவர் யார், எந்தக் காலம், யாருக்காக என்று கேட்டு வாதிடும் பயிற்சி அங்கே கிடைக்கும். கணக்கியலிலோ செல் உயிரியலிலோ அது கிடைக்காது. ஒழுங்காக நடக்கும் வகுப்பில் மதிப்பெண் தருவது புரிதலுக்குத்தான், நம்பிக்கைக்கு இல்லை. கிறிஸ்தவரல்லாத மாணவர்கள் அந்த வகுப்புகளில் முதல் மதிப்பெண் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதை என்ற பழக்கம் இல்லாததால் அவர்கள் நூலைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

உயிரியலுக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டும்.

உயிரியலுக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஆதியிலிருந்தே பகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மரபியலைத் தொடங்கிவைத்த கிரிகோர் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. புருனோ நகர மடத்தின் தோட்டத்தில் பட்டாணி வளர்த்துக் கண்டதை 1866இல் வெளியிட்டார். டார்வினை அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்த ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். பரிணாமமும் விசுவாசமும் சேர்ந்தே இருக்க முடியும் என்று சொல்ல 2007இல் பயோலோகோஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1950இல் பன்னிரண்டாம் பயஸ் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் இரண்டாம் யோவான் பவுல் அது வெறும் கருதுகோளைவிட மேலானது என்று எழுதினார். எனவே கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாக இருந்தால் பரிணாமம் குறித்து நீங்கள் கவலைப்பட எதுவும் இல்லை.

புராட்டஸ்டன்ட் பக்கம்தான் பிளவு. பேய்லரின் உயிரியல் துறை, பரிணாமம் நவீன உயிரியலின் அடிப்படை என்றும் அதையே கற்பிக்கிறோம் என்றும் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. கால்வினிலும் பரிணாமம் முழுமையாகக் கற்பிக்கப்படுகிறது. வீட்டனின் விசுவாச அறிக்கையோ ஆதாமையும் ஏவாளையும் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுதான் அங்குள்ள உயிரியலாளர்கள் மனிதத் தோற்றம் பற்றிப் பேச வேண்டும். லிபர்ட்டியும் சீடர்வில்லும் பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதுதான் என்ற இளம்பூமிப் படைப்புக் கொள்கையைப் பிடித்து நிற்கின்றன.

இது வெறும் கருத்து வேறுபாடு என்று விட்டுவிட முடியுமா? ஓர் எடுத்துக்காட்டு. மனித செல்லில் 46 குரோமோசோம்கள்; சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், வழக்கமாக நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை எதிரெதிர்த் திசையில் ஒட்டிக் கிடக்கிறது. மூதாதையில் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி சேர்ந்ததன் தடயம் அது. மரபியல் வகுப்பில் இதைப் படிக்கும் மாணவி, 'இது எதைக் காட்டுகிறது?' என்று கேட்டால் ஆசிரியர் நேராக விடை சொல்லும் சுதந்திரம் உள்ளவராக இருக்க வேண்டும். விடை சொன்னால் வேலை போகும் என்ற நிலையில் உள்ள ஆசிரியரிடமிருந்து அறிவியல் கற்பது கடினம். டென்னசியில் டேட்டன் என்ற ஊரில் 1925இல் பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அதே ஊரில் பின்னர் தொடங்கப்பட்ட பிரையன் கல்லூரி, 2014இல் ஆதாம், ஏவாள் பற்றித் தன் அறிக்கையை இறுக்கியபோது ஆசிரியர்கள் சிலரை இழந்தது. பிரச்சினை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். படைப்புக் கொள்கை நிறுவனங்களிலும் பரிணாமக் கோட்பாட்டின் உள்ளடக்கத்தைச் சொல்லித்தருகிறார்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் இயற்கைத் தேர்வும் மக்கள்தொகை மரபியலும் வருகின்றன. மாணவர் தேற வேண்டுமே. அங்கிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லிபர்ட்டியில் 2014 முதல் ஆஸ்டியோபதி (டி.ஓ. என்ற மருத்துவர் பட்டம் தரும்) மருத்துவக் கல்லூரியே நடக்கிறது. மகளின் இலக்கு மருத்துவச் சேவைத் துறைகள் என்றால் பெரிய தடை இருக்காது. ஜீனோமிக்ஸ், சூழலியல், பரிணாம உயிரியல் என்று ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பினால் அந்த வகை நிறுவனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கேட்டலாக்கில் உயிரியல் துறைப் பக்கத்தைத் திறந்து, மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் 'பரிணாமம்' என்ற பெயரிலேயே தனிப்பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 'தோற்றங்கள்' என்ற பெயரில் மட்டும் ஒரு பாடம் இருந்தால் அதன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். துறை ஆசிரியர்கள் எந்த ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள் என்றும் தேடிப் பாருங்கள்.

உயிரியலில் பாட வரிசை இறுக்கமானது. முதல் ஆண்டு பொது உயிரியலோடு பொது வேதியியலும் சேர்ந்தே தொடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டு கரிம வேதியியல், மரபியல்; மூன்றாம் ஆண்டு உயிர்வேதியியல், இயற்பியல், செல் உயிரியல் என்று போகும். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முன்பாடம். முதல் செமஸ்டரில் வேதியியலை விட்டால் வண்டி ஓர் ஆண்டு பின்னால் போகும். சிறிய கல்லூரிகளில் சில மேல்நிலைப் பாடங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு மாணவி என்பதால் இரண்டு விஷயங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல, வெளிநாட்டு விசாவில் உள்ளவர்களின் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. ஏற்கும் சில இடங்களிலும் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் காட்டச் சொல்வதுண்டு. 'உயிரியல் படித்தால் அங்கேயே டாக்டர் ஆகிவிடலாம்' என்ற கணக்கோடு அனுப்பாதீர்கள். அடுத்தது, இளநிலை மாணவர்களுக்குக் கோடைகால ஆராய்ச்சி வாய்ப்பு தரும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யூ. திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். ஆகவே மகளுக்கு ஆய்வக அனுபவம் கிடைக்க வேண்டுமானால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். 'இளநிலை மாணவர் பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்ய இடமுண்டா, ஊதியம் உண்டா?' என்று துறைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த விஷயத்தில் சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களை மிஞ்சுவதுண்டு. முதுநிலை மாணவர்கள் இல்லாததால் பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களே இளநிலை மாணவர்கள்தான்.

ஃபைனான்ஸ் துறையில் பாடப்பொருள் எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஒன்றுதான். பணத்தின் காலமதிப்பு, நிகர இன்றைய மதிப்பு, 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதியதிலிருந்து தொடங்கும் போர்ட்ஃபோலியோ கோட்பாடு, நிறுவனத்தின் கடன், பங்கு விகிதம் பற்றிய மோடிக்லியானி, மில்லர் வாதம், பத்திரங்கள், ஆப்ஷன்கள். வட்டிக்கணக்குக்குச் சபைப்பிரிவு கிடையாது. வேறுபாடு, அந்தக் கணக்கைப் போட்டுமுடித்த பிறகு என்ன கேட்கிறார்கள் என்பதில் வரும்.

கிறிஸ்தவ மரபில் வட்டி ஒரு நீண்ட வழக்கு. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம் 22:25. பணத்தை வட்டிக்குக் கொடுக்காதவனைப் புகழ்கிறது பதினைந்தாம் சங்கீதம். அதே வேதாகமத்தில் மத்தேயு 25ஆம் அதிகாரத்து எஜமான், என் பணத்தைக் காசுக்காரரிடம் போட்டு வட்டியோடு திருப்பித் தந்திருக்கலாமே என்று ஊழியனைக் கேட்கிறான். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்பவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்று விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபை மரபின் முன்னோடியான ஜான் கால்வின், ஏழைக்குக் கொடுக்கும் கடன் வேறு, தொழிலுக்குக் கொடுக்கும் கடன் வேறு என்று பிரித்து, இரண்டாவதில் வரம்புக்குட்பட்ட வட்டி தவறில்லை என்றார். இந்த வரலாறு சரியாகக் கற்பிக்கப்பட்டால் அருமையான ஃபைனான்ஸ் பாடம்.

நல்ல வகுப்பில் அது எப்படி வரும் என்று காட்டுகிறேன். அமெரிக்காவில் 'பேடே லோன்' என்று ஒன்று உண்டு: அடுத்த சம்பளம்வரை சிறு கடன். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பது அங்கே சாதாரணமாகக் காணும் விலை. மாணவி கணக்குப் போடுகிறாள்: ஆண்டு விகிதம் சுமார் 391 சதவீதம். கட்ட முடியாமல் ஒவ்வொரு முறையும் புதுப்பித்து, கட்டணமும் அசலோடு சேர்வதாக வைத்தால் ஆண்டுக்கு 3,600 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதுவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் உள்ள பாடம். அடுத்து, இந்தக் கடன் கால்வின் பிரித்த எந்த வகையில் சேரும்? கடன் கொடுப்பவரின் வாராக்கடன் அபாயமும் அலுவலகச் செலவும் சேர்ந்தால் நியாயமான விலை எவ்வளவு? விகிதத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்தால் அந்த ஏழைக்கு வேறு யார் கடன் தருவார்? இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து வாதிட வைக்கும் ஆசிரியர் இருந்தால் மகள் கொடுத்துவைத்தவள். வகுப்பின் தொடக்கத்தில் ஒரு வசனம் வாசித்துவிட்டு நேராகப் பாடப்புத்தகத்துக்குப் போகும் ஆசிரியர்களும் உண்டு. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, லாபமும் இல்லை.

முதலீட்டுப் பாடத்திலும் இப்படி உயிருள்ள பொருள் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் உண்மைப் பணத்தை மாணவர்களே முதலீடு செய்யும் நிதி இருக்கிறது. கிறிஸ்தவ நிறுவனத்தில் அந்த நிதிக்கு எந்தப் பங்கை வாங்கக் கூடாது என்ற விதி இருக்கலாம். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையே அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்தது. விலக்குவதா, பங்குதாரராக உள்ளே இருந்து கேள்வி கேட்பதா என்பது பழைய விவாதம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேற வேண்டும் என்று 1971இல் எபிஸ்கோபல் சபை பங்குதாரர் தீர்மானம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகர் லியான் சல்லிவன், 1977இல் அங்கே தொழில் செய்யும் நிறுவனங்களுக்கான நடத்தை விதிகளை வகுத்தார். சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்து முதலீடு செய்யும், இன்று இ.எஸ்.ஜி. என்று பேசப்படும் முறைக்கு இந்த மரபிலும் ஒரு வேர் இருக்கிறது.

வேலைக்கான பக்கத்தையும் விடக் கூடாது. முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வைக் கல்லூரியில் படிக்கும்போதே, பட்டத்தின் பிற்பகுதியில் எழுதலாம்; மகளின் பாடத்திட்டம் அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். பங்குத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பின் எஸ்.ஐ.இ. என்ற அடிப்படைத் தேர்வை 18 வயது நிரம்பிய யாரும், எந்த நிறுவனத்தின் பரிந்துரையும் இல்லாமல் எழுதலாம்; தேர்ச்சி நான்கு ஆண்டு செல்லும். கோடை இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் முன் அது கையில் இருந்தால் நல்லது. பெரிய முதலீட்டு வங்கிகள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களில்தான். நாட்ர டேம், ஜார்ஜ்டவுன் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் இல்லை. அங்கே அந்தந்த வட்டாரத்து வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை நிர்வாகம் என்றுதான் வேலைகள் வரும். வேலை வழிகாட்டு அலுவலகத்திடம் கடந்த ஆண்டு ஃபைனான்ஸ் மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று பெயர்வாரியாகக் கேளுங்கள். சதவீதக் கணக்கை மட்டும் சொன்னால் திருப்தி அடைய வேண்டாம்.

பிசினஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண், பேரியல் பொருளாதாரம், புள்ளியியல், வணிகச் சட்டம், மார்க்கெட்டிங், நிர்வாகம், கடைசியில் உத்தி பற்றிய நிறைவுப் பாடம். எங்கும் இதுதான். கணக்கியலில் சொல்ல ஒன்று உண்டு: இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிசில் முதன்முதலாக அச்சிட்டு விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. பேரேட்டைத் தொடங்கும்போது கடவுளின் பெயரை எழுதித் தொடங்கு என்று வியாபாரிக்கு அறிவுரை சொல்கிறார். நம் கணக்குப்பிள்ளைகளின் பிள்ளையார் சுழியை நினைத்துக்கொள்ளுங்கள். பிசினஸ் என்ற பொதுப்பட்டத்தைவிட அதற்குள் ஒரு துறையை, கணக்கியலையோ ஃபைனான்ஸையோ தரவுப் பகுப்பாய்வையோ, ஊன்றிப் படிப்பதே மேல் என்பது என் கருத்து. பொதுப்பட்டம் மட்டும் உள்ளவர் முதல் வேலைக்குச் சிரமப்படுகிறார். ஃபைனான்ஸ் தனிப்பட்டமா, பிசினஸ் பட்டத்துக்குள் ஒரு பிரிவா என்பதையும் கேட்டலாக்கில் பாருங்கள். பிரிவு என்றால் சில இடங்களில் நான்கைந்து பாடங்களோடு முடிந்துவிடும்.

விசா கோணமும் இதில் சேரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவர் ஓ.பி.டி. என்ற ஏற்பாட்டில் 12 மாதம் வேலை செய்யலாம். பட்டம் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். உயிரியல் அந்தப் பட்டியலில் உண்டு. சாதாரண ஃபைனான்ஸ், பொது பிசினஸ் பட்டங்கள் இல்லை. பிசினஸ் பள்ளிக்குள்ளேயே பகுப்பாய்வு, வணிகப் புள்ளியியல், நிதிக் கணிதம் போன்றவை எந்தக் குறியீட்டு எண்ணில் பதிவாகியுள்ளன என்பதைப் பொறுத்து ஸ்டெம் ஆகலாம். அந்த எண்ணை வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சொல்லும். இந்த விதிகள் மாறக்கூடியவை. சேரும் நேரத்தில் மறுபடி உறுதிசெய்யுங்கள்.

மூன்றில் எது என்று மகளுக்கே இன்னும் தெளிவில்லை என்றால் என் யோசனை இது. உயிரியலில் கொஞ்சமாவது ஆசை இருந்தால் முதல் செமஸ்டரை உயிரியல் மாணவியாகத் தொடங்கட்டும்: பொது உயிரியல், பொது வேதியியல், கணிதம், ஓர் இறையியல் பாடம், முடிந்தால் நுண்பொருளாதாரம். பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் செமஸ்டரில் பிசினஸுக்கு மாறலாம். எடுத்த அறிவியல் பாடங்கள் பொதுக்கல்விக் கணக்கில் சேர்ந்துவிடும், நஷ்டம் குறைவு. பிசினஸில் தொடங்கி ஓர் ஆண்டு கழித்து உயிரியலுக்கு வந்தால் அந்த வேதியியல் சங்கிலியால் ஓர் ஆண்டும் அதற்கான கட்டணமும் கூடும். பிசினஸுக்கும் ஃபைனான்ஸுக்கும் இடையே மாறுவது இரண்டாம் ஆண்டு முடியும்வரை பெரிய வேலையே இல்லை. முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

கிறிஸ்தவரல்லாத மாணவிக்கு வளாகம் எப்படி இருக்கும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சேப்பல் கட்டாயமான இடத்தில் வருகைப்பதிவு உண்டு. போய் உட்கார்ந்தாக வேண்டும்; ஆனால் வழிபட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எவாஞ்சலிக்கல் வளாகங்களில் தோழிகள் பைபிள் படிப்புக் குழுவுக்கு அழைப்பார்கள், 'உனக்காக ஜெபிக்கிறேன்' என்பார்கள், கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலோர் அதை அன்போடுதான் செய்கிறார்கள். மரியாதையாக மறுக்கத் தெரிந்த பெண்ணுக்கு அது சிக்கலாகாது. மறுக்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு முதல் ஆண்டு களைப்பாக இருக்கும். உங்கள் மகள் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். நடத்தை விதிகளில் மது வளாகத்துக்கு வெளியேயும் கூடாது, விடுதியில் ஆண், பெண் சந்திக்கும் நேரம் இவ்வளவு என்றெல்லாம் இருக்கலாம். இவற்றை நிம்மதியாக உணரும் பெற்றோரையும் கண்டிருக்கிறேன், மூச்சுமுட்டுகிறது என்ற மாணவர்களையும் கண்டிருக்கிறேன். அங்கே இப்போது படிக்கும் கிறிஸ்தவரல்லாத வெளிநாட்டு மாணவி ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யுமாறு சேர்க்கை அலுவலகத்தைக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் தயங்காமல் செய்து தருவார்கள்.

பல பல்கலைக்கழகங்களில் மே 1க்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்வார்கள். அதற்கு முன்பே உயிரியல், ஃபைனான்ஸ் இரண்டுக்கும் செமஸ்டர் வாரியான நான்கு ஆண்டுத் திட்டத்தை, இறையியல் பாடங்கள் எந்தெந்தச் செமஸ்டரில் வருகின்றன என்பதோடு சேர்த்து, எழுத்தில் வாங்கிவிடுங்கள். மகள் சேரும் ஆண்டின் கேட்டலாக்கையும் பதிவிறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விதிகள் மாறினாலும், இடைவெளி விடாமல் படிக்கும் மாணவருக்குப் பொதுவாக அவர் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்தான் செல்லும்.